முன்ஜாமீனுக்கு ஒரு ரத்த உறவு

வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தபோதுதான் நான் ஒரு குற்ற வழக்கில் எதிரி என்ற செய்தி எனக்கு வந்து சேர்ந்தது.

இடம், சேலம் சூரமங்கலத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரி. என் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்குவதா, இன்னும் கொஞ்ச நாள் ஓட்டுவதா என்று டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊசி போட்டாயிற்று. பாதி முகம் என்னுடையதாக இல்லை. மூக்குக்குள் கிராம்பு வாசனை. அந்த நேரம் பார்த்துச் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுக்கக்கூடாதுதான். ஆனால் அந்த நாற்காலியில் சாய்ந்திருப்பவனுக்கு எந்தச் சாக்கும் நல்ல சாக்கு. எடுத்துவிட்டேன்.

சரஸ்வதி அண்ணி பேசினார். என் பெரியப்பா மகன் கந்தசாமி அண்ணனின் மனைவி. ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்தில் வெற்றிலைக் கொடிக்காலும் வாழையுமாக இருக்கிற குடும்பம். மகன் தினேஷுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, பத்திரிகை கொடுத்து முடித்திருந்தார்கள். பத்திரிகை வைக்க விட்டுப்போன யாரையோ பற்றித்தான் பேசுகிறார் என்று நினைத்தேன்.

“தம்பி, போலீஸ்ல கேஸு ஆயிப்போச்சுங்க. அண்ணன் ஏ-ஒன்னு. நீங்க ஏ-ஃபைவுங்க.”

நான் “ஆ” என்றேன். வேறு எந்த எழுத்தும் அப்போது என் வாயிலிருந்து வராது.

“அதேதாந் தம்பி, எனக்கும் பேச்சே வரமாட்டேங்குதுங்க” என்று சொல்லிவிட்டு அண்ணி போனை வைத்துவிட்டார்.

மேல் வரிசையும் கீழ் வரிசையும்

நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் பக்கத்துக் கல்யாண ஃபிளெக்ஸ் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தாலி இல்லாமல்கூட ஒரு கல்யாணத்தைப் பேசி முடித்துவிடலாம். ஃபிளெக்ஸ் இல்லாமல் முடியாது.

அதில் ஒரு முறை இருக்கிறது. நடுவில் மாப்பிள்ளையும் பெண்ணும். மேல் வரிசையில் காலமான பெரியவர்கள். ஒவ்வொருவருக்கும் கீழே சின்னதாக ஒரு விளக்கு எரியும். கீழ் வரிசையில் உயிரோடு இருக்கும் பங்காளிகள். இவர்களுக்கு விளக்கு கிடையாது. கூலிங் கிளாஸ் உண்டு. காதில் போன் வைத்துக்கொண்டு மிக முக்கியமான ஒரு லாரி லோடைப் பற்றிப் பேசுவது போல நிற்பார்கள்.

கந்தசாமி அண்ணனுக்கு உடன்பிறந்த தம்பி ஒருவன் உண்டு. செல்லப்பன். இருவர் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். பேச்சு மட்டும் பல வருஷமாக இல்லை. காரணம் என்னவென்று ஊரில் கேட்டால் சிலர் தண்ணீர் முறை என்பார்கள், சிலர் ஒரு கன்றுக்குட்டி என்பார்கள். அண்ணனைக் கேட்டால் ஒன்று சொல்வார், தம்பியைக் கேட்டால் வேறொன்று சொல்வான். எதற்காகச் சண்டை என்பதிலேயே அவர்களுக்குள் ஒற்றுமை இல்லை.

பேச்சு இல்லாவிட்டாலும் ஃபிளெக்ஸில் தம்பி படம் இல்லாமல் இருக்க முடியுமா? பெண் வீட்டார் ராசிபுரம் பக்கத்திலிருந்து வந்து பார்ப்பார்களே. ஆனால் அண்ணனிடம் தம்பியின் போட்டோ ஒன்றே ஒன்றுதான் இருந்தது. எந்தக் காலத்திலோ பழனிக்குப் போய் மொட்டை போட்டபோது எடுத்தது. நெற்றி நிறையத் திருநீறு, கழுத்தில் மாலை, கேமரா சொடுக்கிய நேரத்தில் கண் மூடியிருந்தது.

பரமத்தி வேலூரில் ஃபிளெக்ஸ் அடிக்கிற பையனுக்கு இந்தக் குடும்பத்தைத் தெரியாது. திருநீறு, மாலை, மூடிய கண். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். செல்லப்பனை மேல் வரிசையில், எங்கள் தாத்தாவுக்குப் பக்கத்தில் வைத்து, கீழே ஒரு விளக்கும் ஏற்றிவிட்டான்.

செல்லப்பன் பரமத்தி வேலூரில் வெற்றிலைச் சுமையை இறக்கிவிட்டு மதிய பஸ்ஸில் வந்து இறங்கினான். நிமிர்ந்து பார்த்தான். பஸ் நிறுத்தத்தில் தலைக்கு மேலே, தென்னை மர உயரத்தில், தெய்வமாகி இருந்தான். டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஒருவன், “செல்லப்பண்ணா, எப்பங்ணா ஆச்சு? சொல்லவே இல்லை” என்று கேட்டதுதான் வினையானது என்று பின்னால் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

அவன் ஃபிளெக்ஸைப் பிடித்து இழுத்தான். அண்ணன் ஓடி வந்து மறுபக்கம் பிடித்து இழுத்தார். ஃபிளெக்ஸ் கிழிந்தது. அதைத் தாங்கி நின்ற சவுக்குக் கழி சாய்ந்தது. செல்லப்பன் பக்கத்தில் அடுக்கியிருந்த வாழைத்தார்களின் மேல் விழுந்தான். முழங்கையில் சிராய்ப்பு. சேதம் வாழைத்தாருக்குத்தான் அதிகம்.

கிழிந்த ஃபிளெக்ஸின் பாதியோடு அவன் நேராகக் காவல் நிலையத்துக்குப் போய்விட்டான்.

எதிரிகளைத் தேர்ந்தெடுத்த விதம்

எங்கள் பக்கத்தில் புகார் என்றால் ஒருவர் மேல் மட்டும் கொடுக்கிற வழக்கம் இல்லை. அது கஞ்சத்தனமாகத் தெரியும். ஒருவர் அடித்தால் அவர் வகையறாவையே சேர்த்து எழுதுவதுதான் மரியாதை.

கூட யார் யார் இருந்தார்கள் என்று ஸ்டேஷனில் கேட்டிருக்கிறார்கள். செல்லப்பன் ஃபிளெக்ஸை மேசைமேல் விரித்து, கீழ் வரிசையை இடமிருந்து வலமாகக் கையால் தடவிக் காட்டியிருக்கிறான். “இவுங்க அத்தன பேருந்தானுங்க.”

மாப்பிள்ளையையும் பெண்ணையும் மட்டும் விட்டுவிடச் சொன்னானாம். கல்யாணம் அல்லவா.

ஆக, முதல் எதிரி கந்தசாமி அண்ணன். இரண்டாவது, மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டு, வாக்கர் இல்லாமல் குளியலறைக்குக்கூடப் போக முடியாத எங்கள் மூத்த பெரியப்பா மகன். மூன்றாவது, ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் எங்கோ போர்வெல் போட்டுக்கொண்டிருந்த சித்தப்பா மகன். நான்காவது, அவனுடைய தம்பி; சம்பவ நேரத்தில் குமாரபாளையத்தில் தறிப்பட்டறையில் இருந்தான். ஐந்தாவது, நான். புத்தக அலமாரிக்கு முன்னால் கன்னத்தில் கைவைத்து எடுத்துக்கொண்ட படம். அதை அனுப்பி வைத்தது நானேதான். நன்றாக வந்திருக்கிறதா என்று இரண்டு முறை கேட்கவும் கேட்டிருந்தேன்.

முன் வந்த சொற்கள்

மறுநாள் நாமக்கல்லில் வக்கீல் ரியாஸின் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். இளைஞர். ஜவுளிக்கடைக் குடும்பத்தில் பிறந்து, துணி கிழிப்பதை விட்டுக் கேஸ் கட்டுகளைப் பிரிக்க வந்தவர். முதல் தகவல் அறிக்கையின் நகலை என்னிடம் நீட்டினார்.

‘முன்விரோதத்தை மனதில் வைத்துக்கொண்டு சட்டவிரோதமாகக் கூடி, பயங்கர ஆயுதங்களுடன் வழிமறித்து, அசிங்கமான வார்த்தைகளால் திட்டி, கொலை மிரட்டல் விடுத்து...’ என்று போயிற்று. என் பெயரோடு சேர்த்துப் படிக்கும்போது ஒரு சின்ன பெருமைகூட வந்தது. நான் எழுதிய எதிலும் நான் இத்தனை வீரமாக இருந்ததில்லை.

எனக்கு ஒரு வியாதி உண்டு. இந்தத் தொடரை வாராவாரம் படிப்பவர்களுக்கு அது தெரியும். எவ்வளவு இக்கட்டிலும் ஒரு சொல்லைப் பார்த்தால் அதன் தாய்வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரத் தோன்றும். வீட்டில் யாராவது மயங்கி விழுந்தால்கூட ‘மயக்கம்’ எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்துக்கொண்டு நிற்பேன் என்பது என் மனைவியின் வாக்குமூலம்.

முன்விரோதம். போலீஸ் தமிழில் இது உப்பு மாதிரி. போடாமல் எந்தப் புகாரும் இறக்கப்படுவதில்லை. ஏன் அடித்தான் என்ற கேள்விக்குத் தயாராக வைத்திருக்கும் பதில். இதில் ‘விரோதம்’ வடமொழி. மூலத்தில் அதற்குப் பகை என்பதைவிட அடைப்பது, மறிப்பது என்றுதான் பொருள். பிறர் வாய்க்காலில் மண்ணை வெட்டிப் போட்டால் அதுதான் அசல் விரோதம். எங்கள் ஊர்க்காரர்கள் அகராதி பார்க்காமலே அதைச் சரியாகச் செய்துவருகிறார்கள்.

நமக்கு வேண்டியது முன்ஜாமீன் என்றார் ரியாஸ். கைதாவதற்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளும் ஜாமீன். மழைக்கு முன்னால் குடை வாங்குவது போல.

‘ஜாமீன்’ அரபியில் பிறந்த சொல். அங்கே அது ஒரு காகிதமோ உத்தரவோ அல்ல, ஓர் ஆள். இன்னொருவனுக்காகப் பொறுப்பேற்று நிற்கிறவன். அந்த ஆள் பாரசீகம், உருது என்று கச்சேரி கச்சேரியாக ஏறி இறங்கித் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்வதற்குள் தேய்ந்துபோய், வெறும் காகிதமாகிவிட்டான். பிறகு ஆள் இல்லையே என்று கவலைப்பட்டு, ‘ஜாமீன்தாரர்’ என்று பின்னால் ஒரு வாலை ஒட்டி அவனுக்கு மறுபடியும் உயிர் கொடுத்தோம். ‘ஜமீன்’ இதற்குச் சொந்தமில்லை. அது பாரசீக நிலம். பெயர் ஒத்திருப்பதால் உறவாகிவிட முடியாது.

இதை ரியாஸிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

“இதெல்லாம் எங்க பெரியவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும் சார். எனக்கு செக்ஷன் மட்டுந்தான் தெரியும். கோர்ட்ல நீங்க எதுவும் பேசாம இருந்தீங்கன்னா நல்லது.”

‘முன்’ என்று தொடங்கும் இந்தக் கூட்டத்தில் முன்சீப் ஒரு கள்ள உறுப்பினர். பள்ளிக்கூடத்தில் படிக்கும் காலத்தில், முன்சீப் என்பவர் எல்லோருக்கும் முன்னால் தலைவாரிக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று உறுதியாக நம்பியிருந்தேன். அவருக்கும் நம்முடைய ‘முன்’னுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதுவும் அரபிதான். நியாயம் செய்பவர். அந்தச் சொல்லின் வேரில் ‘பாதி’ என்ற பொருள் இருக்கிறது. சரிபாதியாகப் பிரித்துக் கொடுப்பவர். கந்தசாமி அண்ணனும் செல்லப்பனும் தோட்டத்தைப் பிரித்துக்கொண்டது முன்சீப் கோர்ட்டில்தான். வரப்பு முதல் வைக்கோல்போர் வரை சரிபாதி. பேச்சை யாரிடம் விடுவது என்று அங்கே முடிவாகாததால் இருவருமே அதை விட்டுவிட்டார்கள்.

முன்பத்திரம் என்று ஒன்று உண்டு. நிலம் வாங்கும்போது அதற்கு முந்தைய பத்திரத்தைக் கேட்பார்கள். அதைக் கொடுத்தால் அதற்கும் முந்தையதைக் கேட்பார்கள். விட்டால், கடவுள் இந்த நிலத்தைப் படைத்ததற்கு வில்லங்கச் சான்று கொடு என்பார்கள். ‘முன்தீர்ப்புத் தடை’ இன்னும் அழகானது. ஒரு விஷயம் ஒருமுறை தீர்ப்பாகிவிட்டால் அதே விஷயத்தை மறுபடி கிளறக்கூடாது என்று சட்டம் சொல்கிறது. இதை நான் வீட்டில் அமல்படுத்தப் பார்த்தேன். வீட்டில் அது செல்லாது.

ரியாஸ் எழுதிய மனுவில், மனுதாரருக்கு முன்தண்டனை எதுவும் இல்லை என்று ஒரு வரி இருந்தது. என்னுடைய பழைய கட்டுரைத் தொகுதிகள் அந்தக் கணக்கில் வரவில்லை போலும்.

சம்பவத்தின்போது நான் பல் ஆஸ்பத்திரியில் முறைக்காகக் காத்திருந்தேன் என்றும், சீட்டு இருக்கிறது என்றும் சொன்னேன். பல்லைப் பிடுங்கியிருந்தால் சாட்சி இன்னும் பலமாக இருந்திருக்கும் என்றார்.

கோழிகளுக்கு நடுவே

முன்ஜாமீன் உத்தரவு வந்தது. ஆனால் வந்ததும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. மாஜிஸ்திரேட் முன்னால் போய், எதிரி ஒவ்வொருவருக்கும் இரண்டு ஜாமீன்தாரர்கள் கையெழுத்துப் போட வேண்டும். அதுவரைக்கும் உத்தரவு என்பது நல்ல தாளில் அடித்த ஒரு வாழ்த்து மடல்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் முகூர்த்தம். வெள்ளிக்கிழமைக்குள் ஜாமீன் போட்டாக வேண்டும். அடுத்த இரண்டு நாளும் கோர்ட் விடுமுறை. ஸ்டேஷனில் இருந்தவர்கள் நல்ல மனிதர்கள். கல்யாணத்துக்குள் முடித்துவிடுங்கள், மேலிடத்திலிருந்து கேட்டால் மண்டபத்துக்கு வந்து நிற்க எங்களுக்கும் சங்கடம் என்று சொல்லியனுப்பினார்கள். முடிக்காவிட்டால், மகனுடைய கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் அப்பா ஒளிந்திருக்க வேண்டும்.

அவர் ஏற்கெனவே ஒளிந்துதான் இருந்தார். நாமக்கல்லுக்கு வெளியே ஒரு சிநேகிதரின் கோழிப்பண்ணையில். போன் செய்தால் முதலில் கோழிகள் பேசும். பிறகு அண்ணன் குரல் வரும். “பந்திக்கு எல சொல்லியாச்சா? சமையக்காரன் வந்தானா?” என்று கல்யாணக் காரியமாகவே கேட்பார். நான் பதில் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றுக்கும் ஆயிரக்கணக்கான கோழிகள் ஆமோதிக்கும்.

ஒருமுறை மட்டும் வேறு கேட்டார். “ஏந் தம்பி, தாலி கட்டறப்ப நான் அங்க இல்லைன்னா, ராசிபுரத்துக்காரங்ககிட்ட என்னன்னு சொல்லுவீங்க?” சமையல்காரன் வந்துவிட்டான் என்றேன். கோழிகள் இதை ஆமோதிக்கவில்லை.

என் வீட்டிலும் ஏற்பாடுகள் நடந்தன. கூப்பிட்டால் உடனே கிளம்பும்படி மனைவி ஒரு பை தயார் செய்து கதவோரம் வைத்திருந்தாள். இரண்டு வேட்டி, துண்டு, வாய் கொப்பளிக்கும் மருந்து. உள்ளே போனாலும் பல்லைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள்.

யாரும் மிச்சமில்லை

இடைஞ்சல் வியாழக்கிழமை தெரிந்தது. உத்தரவில் ஒரு நிபந்தனை: இரண்டு ஜாமீன்தாரர்களில் ஒருவர் எதிரிக்கு ரத்த உறவாக இருக்க வேண்டும், உள்ளூரில் சொத்தும் இருக்க வேண்டும். ஆள் ஓடிவிட்டால் பிடித்துக் கொடுக்க நெருங்கிய ஒருவர் வேண்டும் அல்லவா, அதற்கு.

இன்னொரு ஜாமீன்தாரருக்குக் கவலையில்லை. டீக்கடைக்காரர் சம்மதித்துவிட்டார், அன்றைக்கு அந்த “எப்பங்ணா ஆச்சு” அவர் கடை பெஞ்சிலிருந்து புறப்பட்டது என்ற குற்ற உணர்ச்சி அவருக்கு. ரத்த உறவுதான் சிக்கல்.

ரியாஸ் பேனாவை மூடிமூடித் திறந்தபடி கேட்டுக்கொண்டே வந்தார். அண்ணன் தம்பிகள்? எல்லோரும் எதிரிகள். சித்தப்பா பெரியப்பாக்கள்? எல்லோரும் மேல் வரிசையில், விளக்கோடு இருக்கிறார்கள். அக்கா தங்கைகள்? எங்கள் வகையறாவில் பெண் பிள்ளைகள் குறைவு. இருக்கிற ஒருவரும் துபாயில் மகன் வீட்டில். மாப்பிள்ளை தினேஷ்? ஓசூரில் வேலை. அவன் பேரில் இருக்கும் ஒரே சொத்து ஒரு மோட்டார் சைக்கிள். அதுவும் முழுதாக அவனுடையது இல்லை. உங்கள் மனைவி, சார்? மனைவி ரத்த உறவு ஆகமாட்டாள் என்று அவரே சொல்லிவிட்டார். அவள் இதை ரொம்ப நாளாகச் சொல்லிவருகிறாள்.

“உங்க குடும்பத்துல எதிரியா இல்லாத ஆம்பளை ஒருத்தர்கூட இல்லையா சார்?”

“ஒருத்தன் இருக்கான்” என்றேன். “புகார் கொடுத்தவன்.”

ரியாஸ் சிரிக்கவில்லை. சட்டப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். வெகுநேரம் புரட்டிவிட்டு, கூடாது என்று எங்கேயும் எழுதவில்லை என்றார். இப்படி ஒரு யோசனை யாருக்கும் வரும் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றாமல் இருந்திருக்கலாம்.

கொடிக்காலில்

போய்க் கேட்கிற பொறுப்பு எனக்கு வந்தது. எழுதுகிறவன், நாலு வார்த்தை பக்குவமாகப் பேசுவான் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டார்கள். என்னைப் படித்தவர்கள் யாரும் அந்த முடிவில் பங்கெடுக்கவில்லை.

செல்லப்பன் கொடிக்காலுக்குள் இருந்தான். வெளியில் வெயில் கொளுத்தினாலும் அங்கே ஈரமும் நிழலும் பச்சை வாசனையுமாக இருக்கும். முழங்கைக் கட்டோடு வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தான். அவன் மகள் கவியாவும் இருந்தாள். குமாரபாளையத்தில் ஒரு துணி ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை செய்கிறவள். கல்யாணத்துக்காக லீவு போட்டு வந்திருந்தாள். வந்தவள் அப்பாவோடு பேசவில்லை என்று கேள்விப்பட்டேன். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையோடு பிறந்தவள் இணைச்சீர் என்ற சடங்கைச் செய்யாமல் கல்யாணம் நகராது. தினேஷுக்கு உடன்பிறந்தாள் இல்லை. சித்தப்பா மகளான கவியாதான் செய்ய வேண்டும். அதற்குச் சேலைகூட எடுத்தாயிற்று.

எதிரியாகிய நான் வந்து நின்றதும் செல்லப்பன், “வாங்ணா. காப்பி குடிக்கறீங்களா?” என்றான். என் மேல் கொலை மிரட்டல் கேஸ் இருப்பதையே அவன் மறந்துவிட்டதாகத் தோன்றியது.

“பல்லு வலிங்க தம்பி” என்றேன்.

“அடடா” என்று உண்மையாகவே வருத்தப்பட்டான்.

நான் ஜாமீன் என்ற சொல்லின் பூர்வீகத்திலிருந்து ஆரம்பித்தேன். அரபி, பாரசீகம், உருது. அவன் வெற்றிலையைக் கிள்ளிக் கிள்ளி அடுக்கிக்கொண்டிருந்தான். பொறுப்பேற்கிற ஒரு மனிதன் எப்படிக் காகிதமானான் என்ற இடத்துக்கு வந்தபோது கவியா குறுக்கிட்டாள்.

“பெரியப்பா, சுருக்கா சொல்லுங்க. அப்பாவுக்குச் சோலி கெடக்குது.”

சுருக்கமாகச் சொன்னேன். அவன் கை நின்றது.

“நானே கேஸைக் குடுத்துப்போட்டு, நானே போயி அந்தாளுக்கு ஜாமீனுக்கு நிக்கறதுங்களா? ஊரு சிரிக்காதுங்களா?”

“ஊரு அன்னைக்கே சிரிச்சு முடிச்சுட்டுது” என்றாள் கவியா. “என்னமோ முன்விரோதம்னு எழுதியிருக்கீங்களாமே. இதே ஊட்டுலதான் பொறந்து வளந்தேன், எனக்குத் தெரியாம அது எப்பப்பா வந்துது?”

“அது ஸ்டேசன்ல அவங்களா போட்டுக்கறது சாமி.”

“பெரியப்பனை உள்ள வெச்சுட்டு நான் யாரு ஊட்டுச் சீர் செய்யறது? நானும் போயி கோழிப்பண்ணையிலயே உக்காந்துக்கறேன்.”

செல்லப்பன் என்னைப் பார்த்தான். அந்தாளுக்கு வேறு யாருமே இல்லையா என்று கேட்டான்.

இல்லை என்றேன். எல்லோரையும் நீதான் எழுதிக் கொடுத்துவிட்டாய். மீதியிருக்கிற ரத்த உறவு நீ ஒருவன்தான்.

“அப்பறம்... வக்கீலு என்ன சொல்றாருங்க? என்னைத் தவுத்து அவருக்கு ஒருத்தரும் இல்லீன்னுங்களா?”

“ஒருத்தரும் இல்லை.”

“கோர்ட்டுலயும் அப்படித்தான் சொல்லுவாங்களா?”

“ஆமா. எழுதியே வச்சிருக்காங்க.”

அவன் தலையைக் குனிந்துகொண்டு வெற்றிலையின் காம்பைக் கொஞ்ச நேரம் திருகிக்கொண்டிருந்தான். முழங்கைக் கட்டின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தான்.

“இன்னொருக்கா சொல்லுங்ணா” என்றான்.

சொன்னேன். அவனுக்கு வேண்டியது அரபியும் பாரசீகமும் இல்லை.

நீதிபதி முன்னிலையில்

‘முன்னிலை’ நல்ல தமிழ்ச் சொல். இலக்கணத்தில் அது எதிரே இருப்பவரைக் குறிக்கும். கோர்ட்டில் அது வெள்ளிக்கிழமை பிற்பகலில், மின்விசிறி சத்தத்துக்கு நடுவே, நம் பெயரைக் கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று நின்றுகொண்டிருப்பதைக் குறிக்கும்.

ஐந்து எதிரிகளும் வரிசையாக நின்றோம், ஃபிளெக்ஸில் இருந்த அதே ஒழுங்கில். இரண்டாவது எதிரி வாக்கரோடு வந்திருந்தார். மூன்றாவது எதிரி ராய்ப்பூரிலிருந்து ரயில் மாறி மாறி வந்து, தூக்கம் போதாமல் நின்றபடியே கண்ணயர்ந்துகொண்டிருந்தான். கந்தசாமி அண்ணனிடமிருந்து கோழிப்பண்ணை வாசனை வந்ததால் அவருக்குப் பக்கத்தில் மட்டும் நல்ல இடைவெளி இருந்தது.

நீதிபதி அம்மா ஜாமீன்தாரரின் ஆதார் அட்டையையும் வீட்டு வரி ரசீதையும் பார்த்தார். பிறகு கேஸ் கட்டைப் பார்த்தார். மறுபடியும் ஆதாரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“நீங்கதானே புகார் கொடுத்தவர்?”

“ஆமாங்கம்மா” என்றான் செல்லப்பன்.

“இவங்க மேலதானே கொடுத்தீங்க?”

“ஆமாங்க.”

“இவங்களுக்கே ஜாமீனுக்கு வந்திருக்கீங்க. யாராவது மிரட்டிக் கூட்டிட்டு வந்தாங்களா?”

“என்னை மிரட்டறதுக்கு இங்க ஆரு இருக்கறாங்கம்மா?” என்று எங்களைத் திரும்பிப் பார்த்தான். கோர்ட்டே எங்களைப் பார்த்தது. வாக்கர், தூக்கம், கோழி வாசனை, வீங்கிய கன்னம். பயங்கர ஆயுதங்களுடன் கூடிய கும்பல் என்று யாரும் நம்புகிற கோலத்தில் நாங்கள் இல்லை.

“அப்ப புகாரை வாபஸ் வாங்கிக்கறீங்களா?”

“அது கெடக்கட்டுங்கம்மா. அது வேற, இது வேற. நாளான்னிக்குக் கலியாணம். பையனைப் பெத்தவரு மண்டபத்துல நிக்கோணுமில்லீங்க.”

“உங்க அண்ணன் ஓடிப்போயிட்டா நீங்கதான் பிடிச்சு ஒப்படைக்கணும். தெரியுமா?”

“எங்கம்மா ஓடுவாரு? ஊட்டுக்கும் ஊட்டுக்கும் நடுவால ஒரே செவுருங்க. அவரு இருமுனாக்கூட எனக்குக் கேக்கும்.”

நீதிபதி அம்மா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு குனிந்து எழுத ஆரம்பித்தார். சிரித்தாரா என்று தெரியவில்லை. எழுதுவதற்குக் கொஞ்சம் அதிக நேரம் குனிந்திருந்தார்.

செல்லப்பன் எங்கள் ஐந்து பேருக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டான். கட்டுப் போட்ட கை என்பதால் ஒவ்வொரு எழுத்தாக ஊன்றிப் போட்டான். போடும்போது முதல் எதிரி அவன் தோளுக்குப் பின்னால் நின்று, மேசையில் நகர்ந்த காகிதத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

பொறுப்பு

கல்யாணத்தில் நடந்ததுதான் யாரும் எதிர்பார்க்காதது. நீதிபதி அம்மா சொன்னதைச் செல்லப்பன் மிகவும் சீரியஸாக எடுத்துக்கொண்டுவிட்டான். அண்ணன் ஓடிவிட்டால் தான்தான் பொறுப்பு. ஆகவே அவரை விட்டு நகரவே இல்லை.

பந்தி பார்க்க அண்ணன் போனால் பின்னாலேயே போனான். சமையல் கட்டுக்குப் போனால் அங்கேயும் போனான். வாசலில் யாரையோ வழியனுப்பிவிட்டு அண்ணன் கார் வரைக்கும் நடந்தபோது, “எங்க போறீங்க? எங்கிட்டச் சொல்லிட்டுப் போங்க. ஜாமீன் நானு” என்றான். பல வருஷங்களுக்குப் பிறகு தம்பி அண்ணனிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். அண்ணன் நின்று, “வெத்தல பாக்கு வாங்க” என்று பதில் சொன்னார். “கடை வெத்தலையா?” என்றான் தம்பி, கொடிக்கால்காரனின் கோபத்தோடு. இருவரும் சேர்ந்து தோட்டத்துக்குப் போய்க் கிள்ளிக்கொண்டு வந்தார்கள்.

ஜாமீனில் இன்னொரு நிபந்தனையும் இருந்தது. மறு உத்தரவு வரும்வரை தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்து. முகூர்த்தம் முடிந்து பந்தி நடந்துகொண்டிருக்கும்போதே ஐந்து எதிரிகளும் பட்டு வேட்டியோடு வேனில் கிளம்பினோம். வேனை ஓட்டியது புகார்தாரர். பெண் வீட்டார் கேட்டபோது, கோயிலுக்குப் போய்வருகிறோம் என்று சொல்லிவிட்டோம்.

இது நடந்து இரண்டு மூன்று ஆடிப்பெருக்கு போயிருக்கும். கேஸ் இன்னும் நடக்கிறது. வாய்தா வரும் நாளில் அண்ணனும் தம்பியும் ஒரே பைக்கில் பரமத்திக்கு வருவார்கள். ஓட்டுபவன் தம்பி. நான் சேலத்திலிருந்து பஸ்ஸில் போய்ச் சேருவேன். பெயரைக் கூப்பிட்டதும் ஆஜர் சொல்லிவிட்டு வெளியே வந்து, பக்கத்துக் கடையில் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடுவோம். அண்ணனுக்குச் சர்க்கரை இருக்கிறது, ஜாங்கிரி வைக்காதே என்று பரிமாறுபவரிடம் செல்லப்பன் சொல்லுவான்.

போன வாய்தாவில் ரியாஸ் என்னை ஓரமாக அழைத்துப் போனார். சமாதானமாகிவிட்டோம் என்று ஒரு மனு போட்டால் எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிடும், எதற்கு இத்தனை அலைச்சல் என்றார். எனக்கும் சரி என்று பட்டது. சாப்பிட்டுக் கை கழுவும் இடத்தில் செல்லப்பனிடம் சொன்னேன்.

அவன் குழாயை மூடினான். உள்ளே எட்டிப் பார்த்தான். அண்ணன் இலையை மடித்துவிட்டு, அவனுடைய துண்டையும் சேர்த்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டிருந்தார்.

“முடிச்சுப்போட்டமுன்னா, அப்பறம் அவரு பாட்டுக்கு அவரு, நான் பாட்டுக்கு நானுங்க” என்றான். “உடுங்ணா. நடக்கறது நடக்கட்டும்.”

எனக்குப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. அடுத்த வாய்தா எந்தக் கிழமை என்று கேட்க மறந்துபோய்ப் பாதி வழியில் ஞாபகம் வந்து, அவனுக்குப் போன் செய்தேன். எடுத்தது கந்தசாமி அண்ணன். தம்பி வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறான் என்றார்.